தக்காளிச் செடி பூக்கிறது, காய் பிடிக்கவில்லை

கேள்வி: மேற்குப் பால்கனி
வணக்கம். சென்னையில் 3-வது மாடியில், மேற்குப் பார்த்த பால்கனியில் நான்கு வளர்ப்புப் பைகளில் நாட்டுத் தக்காளி வைத்திருக்கிறேன். பிப்ரவரி இறுதியில் விதைத்து, 25 நாள் நாற்றைப் பிடுங்கி நட்டேன். செடிகள் இடுப்புயரம் வளர்ந்து, இலைகள் கரும்பச்சையாகச் செழித்து, ஏப்ரல் கடைசியிலிருந்து கொத்துக் கொத்தாகப் பூக்கின்றன. ஆனால் இரண்டு மூன்று நாட்களில் பூக்காம்பின் நடுவிலிருக்கும் முட்டி மஞ்சளாகி, விரல் பட்டாலே பூ உதிர்ந்துவிடுகிறது. ஒரே ஒரு காய்தான் தங்கியது. அதுவும் எலுமிச்சை அளவுக்கு வந்ததும் அடிப்புறம் கறுத்து அமுங்கிவிட்டது. 15 நாளுக்கு ஒருமுறை கடலைப் பிண்ணாக்குக் கரைசல் ஊற்றுகிறேன். குறை எங்கே இருக்கிறது?

பதில்: மாடித்தோட்டப் பழசு
குறை உங்கள் கையில் இல்லை, பட்டத்தில், அதாவது விதைத்த பருவத்தில் இருக்கிறது. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். அதைவிட முக்கியமாக, இரவிலும் சூடு தணியாவிட்டால் பூ கருத்தரிக்காமல் முட்டியோடு கழன்றுவிடும். மே மாதச் சென்னையில் இரவு வெப்பமே 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. அதிலும் மேற்குச் சுவர் மாலை வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு நள்ளிரவு வரை கக்கிக்கொண்டிருக்கும். பைகளைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளிவைத்து, பிற்பகல் வெயிலுக்கு மட்டும் 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். பிண்ணாக்கையும் நிறுத்திவிடுங்கள், தழைச்சத்து மிகுந்தால் செடி இலையாகவே வளரும் என்பதற்கு அந்தக் கரும்பச்சையே சாட்சி.

பதில்: கீரைப்பாத்தி
எங்கள் வீட்டில் பூ உதிர்ந்தால் தேங்காய்ப்பாலும் புளித்த மோரும் கலந்த தேமோர்க் கரைசலைத்தான் தெளிப்போம், நல்ல பலன் கிடைத்திருக்கிறது. இன்னொன்று: தக்காளியின் மகரந்தம் கூம்பு போன்ற மகரந்தப் பைகளுக்குள் அடைபட்டிருப்பதால், அதிர்வு இருந்தால்தான் உதிரும். காற்றோ வண்டோ அதிகம் வராத பால்கனியில் காலை 10 மணி வாக்கில் பூங்கொத்தின் காம்பை விரலால் மெல்லச் சுண்டிவிட வேண்டும்.

பதில்: மாடித்தோட்டப் பழசு
சுண்டிவிடுவது சரியான யோசனை. தேமோரை நானும் தெளிப்பதுண்டு. ஆனால் ஆடியில் தெளித்துக் கண்ட பலனைச் சித்திரை வெயிலில் நான் கண்டதில்லை. மகரந்தமே கெட்டிருக்கும்போது எதைத் தெளித்து என்ன?

பதில்: செம்மண்
அந்தக் கறுத்த காயைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அது பூச்சியுமல்ல, பூஞ்சணமுமல்ல. காயின் அடிப்பகுதிக்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேராததால் வரும் அழுகல். உடனே முட்டை ஓட்டைப் பொடித்துப் போடத் தோன்றும், ஆனால் அது மண்ணில் கரைய மாதக்கணக்காகும். பெரும்பாலும் மண்ணில் சத்து இருந்தும், ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதால்தான் அது காய்வரை ஏறுவதில்லை. காலையும் மாலையும் அளவாக ஊற்றி, மண்ணின்மேல் இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த இலைச் சருகைப் பரப்புங்கள். அடுத்த பட்டத்துக்குப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம். 1 விதையை முயலலாம். அன்னஞ்சி என்ற தேனிப் பக்கத்து உள்ளூர் ரகத்திலிருந்து வந்தது அது.

கேள்வி கேட்டவர்
அலுவலகம் போகும் நாட்களில் காலையில் தண்ணீர் விடாமல் இரவில் இரண்டு வாளி ஊற்றியது நான்தான். நிழல்வலை கட்டிவிட்டேன். இந்தச் செடிகளைப் பிடுங்கிவிட்டு ஆடியில் புதிதாக விதைக்கட்டுமா?

பதில்: செம்மண்
பிடுங்க வேண்டாம். இலைக்கக்கத்தில் கிளம்பும் பக்கக்கிளையை ஆனிக் கடைசியில் ஒரு சாண் நீளத்துக்குக் கிள்ளித் தண்ணீரில் வைத்தால் பத்து நாளில் வேர் விடும். அதையே ஆடியில் நட்டால் விதைத்து நாற்றெடுக்கும் வேலை மிச்சம். இலை சுருண்ட செடியிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள், வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸும் கூடவே வந்துவிடும்.