குழாயில் தண்ணீர் வந்தாலே சந்தோஷப்படுபவர்கள் இருக்கிறீர்களா?

கேள்வி: 2019 கோடையைச் சென்னையில் கழித்தவர்களிடம்தான் கேட்கிறேன். செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு, லாரிக்காகக் குடங்களை வரிசையில் போட்டுவிட்டுக் காத்திருந்தோமே, அதன் பிறகு உங்கள் வீட்டில் ஏதாவது பழக்கம் மாறியதா?

பதில்: மாறியது. அரிசி களைந்த தண்ணீர் இன்றைக்கும் கறிவேப்பிலைச் செடிக்குத்தான் போகிறது. துணி அலசிய தண்ணீரைக்கூட என் மாமியார் அப்போது கழிப்பறைக்கு எடுத்து வைப்பார், இப்போது மோட்டார் போட்டதும் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டாலே அவர் முகம் மலர்ந்துவிடும்.

பதில்: ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, 50 வேகன், 25 லட்சம் லிட்டர்! அந்த ரயில் வந்து நின்ற வில்லிவாக்கம்தான் நான். யாராவது டம்ளரில் பாதி குடித்துவிட்டுக் கொட்டினால் மனசு கேட்பதில்லை.

பதில்: வில்லிவாக்கம் அக்கா சொன்னது சரி. அப்புறம், மழைநீர் சேகரிப்புத் தொட்டியை ஐப்பசிக்கு முன்னால் சுத்தம் செய்துவிடுங்கள், அதில் வடிகட்டப் போட்ட ஜல்லியில் சேறு அடைத்திருந்தால் மொட்டைமாடித் தண்ணீர் எல்லாம் தெருவுக்குத்தான் போகும்.