ஆஃப் ஒயிட்டுக்குள் ஓடும் நிறத்துக்கு என்ன பெயர்?

அன்புள்ள குழுவினருக்கு,

பெயின்டர் பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நாமோ இன்னும் ஆஃப் ஒயிட்டுக்குத் தமிழ்ச் சொல் தேடுவதிலேயே நிற்கிறோம். வெளிர் வேண்டாம் என்று ஒருவர் எழுதியிருந்தார்:

> வெளிர் என்றால் வெளிறும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். 503ஆம் குறளில் வெளிறு அறியாமை. வாலறிவன், வால்வளை என்ற வழக்கு இருக்கையில் வால்வெள்ளை எனலாமே?

ஐயா, வெளிறைத் தள்ளினால் வெண்மையையும் தள்ள வேண்டும். 844ஆம் குறளில் அதுவும் அறியாமைதான். வால் என்பதோ தூய வெண்மை. நமக்கு வேண்டியது தூய்மை ஒரு பிடி குறைந்த வெள்ளை. பொருளே மாறிவிடுகிறது.

என் கவலை வேறு. போன வாரம் வகுப்பில் மூன்று ஆஃப் ஒயிட்டை இரண்டடிச் சதுரமாகச் சுவரில் இரண்டு கோட்டிங் அடித்தோம். இரவு, மஞ்சள் பல்பில் மூன்றும் ஒன்றுபோல இருந்தன. காலையில் வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்று பச்சையாகத் தெரிந்தது; மஞ்சள் ஆக்சைடோடு கறுப்பு சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டினோம், இன்னொன்றில் இருந்த ரோஸ் வெளியே வந்தது. வெள்ளைக்குள் ஒளிந்திருக்கும் இந்தச் சாயலுக்குத்தான், ஆங்கிலத்தில் அண்டர்டோன் என்பதற்குத்தான், பையன்கள் பெயர் கேட்டார்கள்.

அடிச்சாயல் என்று சொல்லிப் பார்த்தேன். அடிப்பூச்சு பிரைமர் ஆகிவிட்டதால், பிரைமரின் நிறம் என்று புரிந்துகொண்டார்கள். மேஸ்திரிகள் "பச்சை அடிக்குது" என்பார்கள். அருமையான வழக்கு. ஆனால் பெயின்ட் அடிக்கிற இடத்தில் அதையே எழுதினால் யாரோ பச்சை பெயின்ட் அடிப்பதாகப் படும்.

வைரத்துக்கு நீரோட்டம் பார்க்கிறோமே, அந்த ஓட்டத்தையே எடுத்துக்கொள்வோம்: நிறவோட்டம். மஞ்சளோட்ட வெள்ளை, பச்சையோட்ட வெள்ளை. சுண்ணாம்பின் மஞ்சளை அடக்க நீலம் கலந்து அடித்தார்களே, அது நீலவோட்ட வெள்ளை. காரை பூசிய சுவரில் எது ஓடும் என்று கேட்ட நண்பருக்கு: செவ்வரி ஓடிய கண் என்கிறோம், அங்கே மட்டும் எது ஓடுகிறது?

இதுவரை நிறவோட்டத்துக்கு ஐவர், அடிச்சாயலுக்கு இருவர். வியாழன் இரவுவரை பார்த்துவிட்டு நிறவோட்டத்தையே வைக்கிறேன். ஆஃப் ஒயிட்டை அப்படியே விடுகிறேன், பக்கத்தில் மங்கல் வெள்ளை என்று சேர்த்து. புது வீட்டுச் சுவருக்கு யாராவது மங்கலைக் கேட்பார்களா என்று அம்மா ஒருவர் எழுதிய மடலுக்கு மட்டும் என்னிடம் இன்னும் பதில் இல்லை.