மதுரையில் அம்மாவை எப்படிக் கூட்டிப்போவது?

வணக்கம். அம்மாவுக்கு 72 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். நூறு அடி நடந்தால் உட்கார வேண்டும்; படி ஏறக் கைப்பிடி வேண்டும். தை மாதம் இரண்டு நாள் மதுரைக்கு வருகிறோம்.

மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளில் வண்டி விடமாட்டார்கள் என்று தெரியும். ஆட்டோவில் எதுவரை வரலாம்? எந்தக் கோபுர வாசலில் படி குறைவு? உள்ளே சக்கர நாற்காலி தருகிறார்களா, நாமே கொண்டுபோகலாமா? போன தடவை உயரமான நிலைப்படிகளைத் தாண்டவே திணறிவிட்டார்.

அப்புறம் திருமலை நாயக்கர் மகால். முற்றத்திலிருந்து மண்டபத்துக்குப் படி ஏறாமல் போக வழி உண்டா? அந்தத் தூண்களை அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை.

சமீபத்தில் போனவர்கள் சொல்லுங்கள். ‘மனசிருந்தால் போதும்’ என்று மட்டும் சொல்லாதீர்கள், எனக்குப் படிக்கணக்குதான் வேண்டும்!