வீட்டில் மின்சாரமும் நீரும் வீணாகாமல் இருக்க

கேள்வி: சூரியத் தகடு பொருத்த இப்போது வசதியில்லாத நிலையில், மின்சார, தண்ணீர்ச் செலவைக் குறைக்க எதிலிருந்து தொடங்கலாம்?

பதில் 1: இரவு பகலாக ஓடும் குளிர்சாதனப் பெட்டியை முதலில் பாருங்கள். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுக்கும்போது அது தடையின்றி வழுக்கி வந்துவிட்டால், ரப்பர் பட்டை வழியே குளிர் கசிகிறது என்று பொருள். எங்கள் வீட்டில் பட்டையில் படிந்திருந்த பிசுக்கை வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்ததுமே தாள் இறுகிப் பிடித்தது. புதிய பட்டை தேவைப்படவில்லை.

பதில் 2: 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. விளக்கே தந்துவிடும்.

பதில் 3: கழிப்பறைத் தொட்டியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். தொட்டி நீரில் உணவு நிறமியைச் சில துளிகள் விட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். கீழே பீங்கானில் நிறம் தெரிந்தால், ஓசையின்றி நீர் ஒழுகிக்கொண்டிருக்கிறது.