கஜா புயல் அடிச்ச ஊருக்கு 5 வருஷத் திட்டம்: பொள்ளாச்சி நாத்து ஏத்தலாமுங்களா?

பெருந்துறை_கதிர்

வணக்கமுங்க. பெருந்துறைப் பக்கம் நாங்க ஒரு சின்ன அறக்கட்டளை. வேதாரண்யம் தாலுகாவுல, கடலுக்கு ரெண்டு கிலோமீட்டருக்குள்ள இருக்கற ஒரு குக்கிராமத்தை எடுத்துக்கிட்டோம். 110 குடும்பம், 40 ஏக்கர் தென்னை. அதுல கிட்டத்தட்ட எல்லாமே 2018 நவம்பர் 16 விடியறதுக்குள்ள சாஞ்சு போச்சு. மூணு மாசம் ஆச்சு. அரிசி, பாய், தார்ப்பாய் குடுக்கற வேலை முடிஞ்சுது. கையில 12 லட்சம் இருக்குதுங்க. 5 வருஷம் அந்த ஊரோட நிக்கோணும்னு முடிவு.

இப்போதைக்கு யோசனை இது: ஆனைமலைப் பக்கம் நர்சரில 3,000 தென்னை நாத்து எடுத்து லாரியில ஒரே நடையா இறக்கறது. தண்ணிக்கு 300 அடி போர், 5 ஹெச்பி மோட்டார். 25 வீட்டுக்கு இங்க பட்டறையிலேயே கூரை அடிச்சு கொண்டுபோய் மாட்டறது. காசு மிஞ்சுனா ரெண்டு ஃபைபர் படகு. மே மாசத்துக்குள்ள எல்லாம் முடிச்சரலாம்னு இருக்கறோம். எதுல ஓட்டை இருக்குதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஆழியாத்துத்_தோப்பு

மே மாசத்துல முடிக்கறதா இருந்தா அது 5 வருஷத் திட்டம் இல்லீங்க, பெரிய நிவாரணம். சரி, நாத்துக்கு வரேன்.

முதல்ல, பொள்ளாச்சி-ஆனைமலை நாத்தை அங்க ஏத்தாதீங்க. கேரளா எல்லையை ஒட்டி வேர் வாடல் நோய் இருக்கற பகுதி நம்முளுது. சுருள் வெள்ளை ஈ 2016-ல முதல்ல தலை காட்டுனதும் பொள்ளாச்சியிலதான். இலைக்கு அடியில வட்ட வட்டமா வெள்ளை மெழுகு, மேல கரும்பூசணம். ஒரு லாரி நாத்துல பத்து இலையில இருந்தாப் போதும், போற ஊர்ல குடியேறிக்கும். மரத்தை இழந்த ஊருக்கு நோயையும் சேர்த்துக் குடுக்க வேண்டாம்.

நாத்தை அங்கேயே வளர்க்கலாம். அந்தக் காத்துல கொண்டை முழுசா நின்ன நெட்டை மரம் நாலஞ்சாவது இருக்கும், அதைவிட நல்ல தாய்மரம் எங்க கிடைக்கும்? வருஷத்துக்கு 100 காய்க்கு மேல, 30 மட்டைக்கு மேல, 20 வயசு தாண்டின மரமாப் பார்த்து பெயிண்ட்ல குறி போடுங்க. பத்தலைன்னா பட்டுக்கோட்டைப் பக்கம் வேப்பங்குளத்துலேயே தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்குது, அந்த மண்ணுக்குன்னே ரகம் வெளியிட்டவங்க. விதைக்காய் பிப்ரவரியில இருந்து ஆகஸ்ட் வரைக்கும் பறிக்கறதுதான் நல்லா முளைக்கும். காயைக் கயித்துல கட்டி இறக்கோணும், தொப்புன்னு போட்டா உள்ள விரிசல் விடும்.

கணக்கு: 25 அடிக்கு 25 அடின்னா ஏக்கருக்கு 70. 40 ஏக்கருக்கு 2,800. நூறு காய் போட்டா நல்ல நாத்துன்னு 65 தேறும், அதுக்கு மேல தேறாது. ஆறு மாசத்துல முளைக்காததைப் பிடுங்கி எறிஞ்சரோணும். இரக்கப்பட்டு வெச்சிருந்த சோனிக் கன்னு ஏழு வருஷம் கழிச்சுத்தான் தன் புத்தியக் காட்டும். நடற நாத்துக்கு 9-லிருந்து 12 மாசம், குறைஞ்சது 6 இலை, கழுத்துச் சுத்தளவு 10 செமீ.

ஒரே வருஷத்துல 2,800-ம் நடாதீங்க. மணல் பூமியில கோடைக்கு ஒரு கன்னுக்கு நாலு நாளைக்கு ஒருக்கா 45 லிட்டர் வேணும். 2,800 கன்னுன்னா ஒரு நாளைக்கு 31,500 லிட்டர். கடலோரத்துல எங்க போவீங்க? மூணு பங்கா வருஷத்துக்கு 930 நட்டா அந்தந்த வருஷத்துப் புதுக் கன்னுக்கு நாள் தேவை 10,500 லிட்டருக்குள்ள நிக்கும். போக்குக்கன்னு (பட்டுப்போற இடத்துல மறுபடி நடறது) 10 சதவீதம் சேர்த்து வருஷம் 1,580 காய் போதும். அடிக்கு அடி, வரிசைக்கு 50, பாத்திக்கு 5 வரிசைன்னு போட்டா ஆறு பாத்தியும் கொஞ்சமும்.

குழி 3 அடிக்கு 3 அடிக்கு 3 அடி. அடியில ரெண்டு அடுக்கு தேங்காய் உரிமட்டை, குழிஞ்ச பக்கம் மேல பார்க்க. கவுத்துப் போட்டா ஈரம் பிடிக்காது, அடுக்கினதுக்கே அர்த்தமில்லை. பழைய மரம் நின்ன குழியிலேயே வைக்காதீங்க, ரெண்டு மரத்துக்கு நடுவுல வைங்க. அந்தப் பக்கம் தஞ்சாவூர் வாடல் நோய்ப் பூஞ்சை செத்த மரத்தோட அடித்தூர்லயும் வேர்லயும் உயிரோட இருக்கும்.

நாத்தைவிட அவசரம் சாஞ்சு கிடக்கற கட்டைகள். காண்டாமிருக வண்டு முட்டை இடறது மக்குற தென்னங்கட்டையிலயும் எருக்குழியிலயும்தான். கட்டை மக்க மக்க வண்டு பெருகி, நீங்க நடற கன்னோட குருத்துலதான் வந்து உக்காரும். குருத்து விரியறப்ப விசிறிய கத்தரியில வெட்டுன மாதிரி இருந்தா அதுதான். செங்கல் சூளைக்கு வித்தோ, தூளாக்கியோ கட்டையை முதல்ல வெளியேத்துங்க. போகாததுலயும் எருக்குழியிலயும் வண்டுப் புழுவைக் கொல்லற பச்சை மஸ்கார்டின் பூஞ்சை 250 மில்லியை 750 மில்லி தண்ணியில கலந்து தெளிங்க. கன்னு நட்ட பிறகு 45 நாளைக்கு ஒருக்கா குருத்தை ஒட்டின மட்டை இடுக்குல மூணு நாப்தலீன் உருண்டை வெச்சு மேல மணல் போடோணும். கன்னுக்குக் காசு குடுத்துட்டு இந்த உருண்டைக்குக் காசு ஒதுக்காததாலதான் பாதி நடவு போகுது.

நீர்மட்டம்_காங்கேயம்

போர் வேண்டாமுங்க. 800 அடி, 1,000 அடின்னு பாறையைத் துளைக்கற நம்ம பழக்கம் அங்க செல்லாது. கடலோர மணல்ல நல்ல தண்ணி உப்புத்தண்ணி மேல மிதந்துக்கிட்டு இருக்குது. கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நின்னா கீழ சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணி. அதே கணக்குல, மேல ஒரு அடி இறக்குனீங்கன்னா உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். 5 ஹெச்பி போட்டு உறிஞ்சினா மோட்டாருக்கு நேர் கீழ உப்பு கூம்பு மாதிரி எழும்பும், எழும்புனது லேசுல இறங்காது. பக்கத்து வீட்டு ஊத்தும் சேர்ந்து கெடும்.

ஆழமில்லாத நாலஞ்சு உறைக்கெணறு, ஒவ்வொண்ணுலயும் அரை ஹெச்பி, ஒரே மூச்சா ஓட்டாம விட்டு விட்டு. புயல்ல கடல் தண்ணி ஏறின கெணத்தை மொத்தமா இறைச்சுக் காலி பண்ணிச் சுத்தம் பண்றோம்னு கிளம்பாதீங்க. குப்பையும் சேறும் எடுத்துட்டு மழைக்கு விடுங்க. தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்கற டிடிஎஸ் மீட்டர் ஒண்ணு வாங்கி, பள்ளிக்கூடத்துப் பசங்ககிட்டக் குடுத்து வாராவாரம் நோட்டுல எழுதச் சொல்லுங்க. குடிக்க லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் நல்லது, வேற வழி இல்லாத இடத்துல 2,000 வரைக்கும்தான் அனுமதி. நோட்டுல எண் ஏறிக்கிட்டே போனா அந்தக் கெணத்துக்கு லீவு விடுங்க.

மண்ணுக்கு ஒரு வார்த்தை. நிலக்கடலைக்கு ஜிப்சம் போட்டுப் பழகின கை நம்முளுது, அங்கயும் மூட்டை இறக்கத் தோணும். வெறும் உப்பு ஏறின மண்ணுக்கு ஜிப்சம் வேண்டியதில்லை. வரப்பு கட்டி மழைத்தண்ணிய நிறுத்தி, வடிகால் வெட்டி வெளிய விட்டா உப்பு கீழ போயிரும். மண்ணோட கார அமில நிலை (pH) 8.5-க்கு மேல, சோடியம் பிடிச்சுக் களி இறுகிக் கிடந்தாத்தான் ஜிப்சம். மண் பரிசோதனை முடிவு வந்த பிறகு பேசிக்கலாம். அதுவரைக்கும் தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ விதைச்சு, பூக்கறப்ப மடக்கி உழுங்க; உப்பைத் தாங்கும், மண்ணும் இளகும்.

இரும்பு_ஈரோடு

கூரைக்கு மட்டும். கோயமுத்தூருக்குக் கட்டட விதியில அடிப்படைக் காத்து வேகம் விநாடிக்கு 39 மீட்டர், சென்னைக் கடற்கரைக்கு 50; உங்க ஊருக்கும் அதையே வெச்சுக் கணக்குப் போடுவோம். வேகம் இருமடியாத்தான் விசையா மாறும்: 50-ஐ 39-ஆல வகுத்து வர்க்கம் பண்ணுனா 1.64. நம்ம தறிக் கொட்டகைக்கு அடிக்கற அதே சட்டம், அதே போல்ட் இடைவெளியோட அங்க நின்னா மூணுல ரெண்டு பங்குக்குக் கிட்ட கூடுதல் இழுவை. புயல் கூரையை அழுத்தி உடைக்கறதில்லை, தூக்கிப் பிய்க்குது. முதல்ல பிய்யறது மூலையும் ஓரமும்.

அதனால நாலு பக்கமும் சரிவான கூரை, 22-லிருந்து 30 டிகிரிக்குள்ள. ஓரம் ஒன்றரை அடிக்கு மேல நீட்டாதீங்க. ஓரத்துலயும் முகட்டுலயும் தகட்டோட ஒவ்வொரு மேட்டுலயும் போல்ட், அகல வாஷரோட. கைமரம் சுவத்துல சும்மா உக்காரக்கூடாது. கம்பி அஸ்திவாரத்துல இருந்து தூண் வழியா சுவத்து மேல சுத்தி ஓடற கான்கிரீட் பெல்ட் வரைக்கும் அறுபடாம வரோணும். தாழ்வாரத்தை வீட்டுக் கூரையோட ஒரே தகடாப் போடாதீங்க. தனியா விட்டா அது மட்டும் போகும், சேர்த்துப் போட்டா வீட்டையும் கூட்டிட்டுப் போகும்.

பட்டறையில அடிச்சுக் கொண்டுபோறதுல இன்னொரு வம்பு: வெல்டிங் பண்ணின இடத்துல துத்தநாகப் பூச்சு எரிஞ்சிருக்கும், உப்புக் காத்து அங்கதான் முதல்ல தின்னும். போல்ட் இணைப்பா மாத்துங்க. கான்கிரீட்டுன்னா கடலோரத்துக்கு எம்30 தரக் கலவை, கம்பிக்கு மேல 45 மில்லிமீட்டர் மூடல். கலவைத் தண்ணியில குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராம் தாண்டக்கூடாது. அந்த ஊர்க் கெணத்துத் தண்ணிய எடுத்துக் கலக்கறதுதான் வழக்கமான தப்பு.

பெருந்துறை_கதிர்

லாரியும் போரும் ரத்துங்க. சரி, நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருஷம் ஆகுமே, அதுவரைக்கும் அந்தச் சனம் எதைச் சாப்பிடும்? படகைப் பத்தி யாருமே ஒண்ணும் சொல்லலையே.

பேராவூரணி_திருப்பூர்

படகு வேண்டாங்க. 2004 சுனாமிக்கு அப்புறம் தேவைக்கு மேல படகு குடுத்து, மீனுக்கும் வலைக்கும் போட்டியானதுதான் மிச்சம். மீன்வளத்துறைப் பதிவு, டீசல் மானியம், பங்காளி யாருங்கறது எல்லாம் தனி வழக்கு.

உங்க கணக்குல தோப்புக்காரங்க மட்டும்தான் தெரியறாங்க. அரசு மரத்துக்கு 1,100 ரூபாய் அறிவிச்சுது: மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500. அது பட்டா, அடங்கல் (பயிர்ப் பதிவேடு) பார்த்து வர்ற காசு. கீற்று முடையற பொம்பளைங்க, மரம் ஏறுறவர், தேங்காய் உரிக்கிறவர், தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர் யாரும் அந்த மரக்கணக்குல வரமாட்டாங்க. மரம் போனா முதல் நாளே கூலி போறது அவங்களுக்குத்தான். அதனால நாத்துப்பாத்தியை அவங்க குழுவுக்குக் குடுத்துடுங்க. பாத்தி போடறது, தண்ணி ஊத்துறது, உருண்டை வைக்கிறது எல்லாம் கூலிக் கணக்கு, மூணு வருஷத்துக்குத் தொடர்ந்து. கட்டை அகற்றுற வேலையையும் வெளி மிஷின்காரர்கிட்ட மொத்தமா விடாதீங்க.

தோப்புக்காரருக்கு ஊடுபயிர்தான் சோறு. முதல் அஞ்சாறு வருஷம் வெயில் தரைக்கு வரும். உளுந்து, எள், கடலை, உப்பு இறங்கின இடத்துல முல்லை. வாழை ஆசை வரும், வேண்டாம். உப்பு கொஞ்சம் இருந்தாலும் இலை ஓரம் கருகும்.

பேப்பர் வேலைக்கு ஒரு ஆளைச் சம்பளத்துக்கே வைங்க, 12 லட்சத்துல இதுதான் நல்ல செலவு. பயிர்க்கடன் இருக்குறவங்களுக்கு, சேதம் பாதிக்கு மேலன்னா கடனை ஒரு வருஷ அவகாசத்தோட 5 வருஷம் வரைக்கும் நீட்டலாம்னு ரிசர்வ் வங்கியோட 2018 விதி இருக்கு. சீக்கிரமா முடிக்கச் சொல்லுற விதி, அதனால இந்த வாரமே வங்கிக்குப் போகணும். நட்ட கன்னை அடங்கல்ல ஏத்தச் சொல்லி விஏஓகிட்ட வருஷாவருஷம் நில்லுங்க, அடுத்த புயலுக்கு அதுதான் சாட்சி. தென்னை வளர்ச்சி வாரியக் காப்பீடு குட்டை, ஒட்டு ரகத்துக்கு நாலாவது வயசுல, நெட்டைக்கு ஏழாவது வயசுலதான் ஆரம்பிக்கும். 2019 நிலவரப்படி 15 வயசு வரைக்கும் மரத்துக்கு 9 ரூபாய் பிரீமியம், விவசாயி கட்டுறது அதுல கால் பங்கு, மரம் போனா 900. நிக்கிற பெரிய மரத்துக்கு 14 ரூபாய்க்கு 1,750. அந்த வருஷம் வர்றப்ப யாருக்கும் ஞாபகம் இருக்காது, இப்பவே நோட்டுல எழுதி வைங்க.

பணத்தை முதல் வருஷம் நாலு லட்சத்துக்கு மேல எடுக்காதீங்க. மூணு லட்சத்தை நாலாவது, அஞ்சாவது வருஷத்துக்குத் தொடாம வைங்க. போக்குக்கன்னு, உரம், கூலி எல்லாம் அப்பதான் கேக்கும்.

பெருந்துறை_கதிர்

எழுதிக்கிட்டேங்க. ஒரு சங்கடம்: நர்சரிக்கு 1,500 நாத்துக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு, திருப்பித் தரமாட்டேங்கறாங்க.

ஆழியாத்துத்_தோப்பு

அந்த நாத்து இந்தப் பக்கமே நிக்கட்டும். உங்க உறுப்பினருங்க தோப்புல போக்கு விழுந்த இடத்துக்கு விலைக்கு எடுத்துக்கச் சொல்லுங்க, வர்ற காசை அறக்கட்டளைக் கணக்குல போட்டா அட்வான்ஸ் திரும்பின மாதிரித்தான். எடுக்கறப்ப இலையைத் திருப்பிப் பாருங்க, வெள்ளை வட்டம் இருந்தா அதையும் எடுக்க வேண்டாம். வேதாரண்யத்துக்கு இந்த நடையில பூஞ்சைப் பாட்டிலும் டிடிஎஸ் மீட்டரும் தாய்மரத்துக்குக் குறி போட ஒரு டப்பா மஞ்சப் பெயிண்டும் கொண்டுபோங்க, கார்லயே போயரலாம்.