சூரைத் தலையும் குடலும் ஒரே தொட்டியில் கிடந்த காலம்: எண்ணெய் எடுத்த அனுபவங்களைச் சொல்லுங்கள்

இழையைத் தொடங்கியவர்

மீன் டின் அடைக்கும் ஆலையில் தரக் கட்டுப்பாட்டில் வேலை பார்க்கிறேன். எங்கள் மீன் சூரை. ஒரு டன் உள்ளே வந்தால் டப்பாவுக்குள் போவது பாதிகூட இருக்காது. தலை, முள், தோல், குடல், கருஞ்சதை எல்லாவற்றுக்கும் எங்களிடம் இருந்தது ஒரே பெயர், கழிவு. ஒரே தொட்டியில் கொட்டுவோம். ஷிப்ட் முடிந்து மீன்மாவுக்கு லாரி வரும்வரை அங்கேயே கிடக்கும். அதிலிருந்து வரும் எண்ணெய் கறுத்துப்போய், தொண்டையைப் பிடிக்கும் வாடையோடு இருக்கும். மீன் கழிவு எண்ணெய் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

சுத்தம் செய்யும் மேசையில் ஒரு அக்கா இருக்கிறார், கை அவ்வளவு வேகம். ஒருநாள் வெந்த தலை ஒன்றைப் பிளந்து, கண்குழியில் கட்டைவிரலை விட்டு எடுத்துக் காட்டினார். "சார், இதையும் குப்பையிலதான் போடுறோம்." பாதி உருகிய நெய் மாதிரி ஒரு கொழுப்பு விரலில் வழிந்தது. மஞ்சள் நிறம், முகர்ந்தால் வெந்த மீன் வாசம் மட்டும்தான். சூரையின் கண்குழிக் கொழுப்பில் டிஎச்ஏ என்கிற ஒமேகா 3 அமிலம் மிக அதிகம், மொத்தக் கொழுப்பு அமிலங்களில் கால் பங்கு அளவுக்குக்கூட இருக்கும். படித்ததுதான். விரலில் பார்த்த பிறகுதான் உறைத்தது.

அப்புறம் யோசித்தால் தப்பு எங்கே என்று தெரிந்தது. எங்கள் ஆலையில் குடலைப் பச்சையாக இருக்கும்போதே எடுத்துவிடுவோம். தலை, ஆவியில் வெந்த பிறகுதான் வெட்டப்படும். வெந்த தலையில் கொழுப்பைச் சிதைக்கும் நொதிகள் செத்துவிட்டன. நாங்களோ அதைப் பச்சைக் குடலோடு கலந்து, செத்த நொதிக்குப் பதில் புது நொதியைச் சேர்த்துக்கொண்டிருந்தோம்! அதுவும் வெதுவெதுப்பான தொட்டியில், மணிக்கணக்காக. எண்ணெய் கெடுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு செய்ய முடியாது.

இரண்டு தொட்டி வைத்தோம். குடலுக்கு ஐஸ். தலை சூடு ஆறுவதற்குள் அரைவைக்குப் போய்விடும். 90 டிகிரி வாக்கில் சூடாக்கி, ஸ்க்ரூ பிரஸ்ஸில் பிழிந்து, வரும் சாற்றை டெகாண்டரில் விட்டுக் கசடை நீக்கி, கடைசியில் சென்ட்ரிஃப்யூஜில் தண்ணீரைப் பிரித்தோம். முதல் நாள் வந்த எண்ணெயை ஒரு கண்ணாடிக் குடுவையில் பிடித்து ஜன்னலில் காட்டினேன். பின்னால் இருந்தவரின் சட்டைக் கட்டம் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை.

அந்த எண்ணெயையும் கோட்டைவிட்டோம். பழைய இரும்பு ட்ரம்மில், முக்கால்வாசி நிரப்பி வைத்தோம். சில வாரத்தில் காறல். இரும்பும் செம்பும் ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டிவிடும், மேலே நின்ற காற்று மீதி வேலையைப் பார்த்தது. இப்போது துருப்பிடிக்காத எஃகு ட்ரம், மேலே காற்றுக்குப் பதில் நைட்ரஜன், இருட்டறை.

மறுமொழி: கழிவுநீர் சுத்திகரிப்பில் இருப்பவர்

உங்கள் தலைக் கதையின் மறுபாதி எங்களிடம் வந்து சேரும். வேகவைக்கும்போது சொட்டும் சாறு இருக்கிறதே, அதில் எண்ணெயும் புரதமும் நிறைய. எங்கள் ஆலையில் அது நேராகச் சாக்கடைக்கு வந்துகொண்டிருந்தது. ராத்திரி குளிர்ந்ததும் குழாய்க்குள் மெழுகு மாதிரி படியும். மாதத்துக்கு ஒருமுறையாவது நீளக் கம்பியை விட்டுக் குத்தி எடுக்க வேண்டும். காற்றேற்றும் தொட்டியில் இன்னும் மோசம். நுண்ணுயிர்க் கட்டிகள்மேல் எண்ணெய் பூசிக்கொள்ளும், அவற்றுக்கு ஆக்சிஜன் போகாது. ஒருமுறை மொத்த சேறும் மிதந்து வழிந்து, தொட்டியைத் திரும்ப நிலைக்குக் கொண்டுவர வாரக்கணக்கானது.

வேகவைக்கும் கலத்தின் அடியிலேயே குழாய் போட்டு, சாற்றைச் சூடாகத் தனித் தொட்டியில் பிடித்தோம். சூடு முக்கியம், ஆறினால் எண்ணெய் பிரியாமல் புரதத்தோடு கூழாகிவிடும். அதற்குப் பிறகு எங்கள் பக்கம் சுமை வெகுவாகக் குறைந்தது. ஒன்று சொல்ல வேண்டும்: சாக்கடையில் மிதப்பதை வழித்தெடுத்தால் அது பயோடீசலுக்குத்தான். தரையைத் தொடுவதற்கு முன்னால் பிடித்தால் மட்டும்தான் அதை உணவு, தீவனம் என்று யோசிக்கவே முடியும்.

மறுமொழி: எண்ணெய் சுத்திகரிப்பு ஆய்வகத்திலிருந்து

வாங்கும் பக்கத்திலிருந்து என் அனுபவம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு லோடு வந்தது. எண்ணெய் கெடத் தொடங்கியதைக் காட்டும் பெராக்சைடு மதிப்பு 3. உணவுக்கான மீன் எண்ணெய்க்கு 2017இல் வந்த கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர அமைப்பு) தரத்தில் 5 வரை அனுமதி. ஜோர் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். மூடியைத் திறந்த பெரியவர் ஒருவர் முகர்ந்து பார்த்துவிட்டு, "பழசு தம்பி" என்றார். கெடுதலின் அடுத்த கட்டத்தைக் காட்டும் அனிசிடின் மதிப்பு எடுத்தோம், 20 என்ற வரம்பைத் தாண்டியிருந்தது. பெராக்சைடுகள் நிலையானவை இல்லை. உடைந்து ஆல்டிஹைடுகளாக மாறும்போது முதல் எண் இறங்கும், இரண்டாவது ஏறும். முதல் மதிப்பை மட்டும் பார்த்தால், கெட்டு முடிந்த எண்ணெய் நல்ல எண்ணெயாகத் தெரியும். பெராக்சைடை இரண்டால் பெருக்கி அனிசிடினைக் கூட்டினால் வருவது டோடாக்ஸ், அது 26க்குள் இருக்க வேண்டும். அன்றிலிருந்து இரண்டையும் பார்க்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

இழையைத் தொடங்கிய நண்பரின் இரண்டு தொட்டிதான் எங்களுக்கு மிகப்பெரிய உதவி. குடலோடு ஊறிய எண்ணெயில், கொழுப்பு சிதைந்து பிரிந்து நிற்கும் தனிக் கொழுப்பு அமிலம் ஏறியிருக்கும். அதைக் காஸ்டிக் சோடா போட்டு நீக்கும்போது சோப்பாகிப் பிரியும், போகிற போக்கில் நல்ல எண்ணெயையும் இழுத்துக்கொண்டு போகும். வாடை நீக்க வெற்றிடத்தில் ஆவி விடுகிறோம், ஆனால் சூட்டை அதிகமாக்கினால் எதற்காக இந்த எண்ணெயை எடுக்கிறோமோ அந்த ஒமேகா 3 அமிலங்களே சிதையும். ஆலையில் நடந்த தாமதத்தை ஆய்வகத்தில் சரிசெய்ய முடியாது.

மறுமொழி: சிறிய மத்தி ஆலை நடத்துபவர்

சென்ட்ரிஃப்யூஜ் வாங்க எங்களுக்கு வசதி இல்லை. தலையையும் குடலையும் அரைத்து, ஃபார்மிக் அமிலம் சேர்த்து பிஎச் 4க்குக் கீழே வைக்கிறோம். அழுகாது. குடல் நொதிகளே சதையைக் கரைக்கும், எண்ணெய் மேலே மிதக்கும். அமிலம் ஏறிய எண்ணெய்தான், தீவனத்துக்கு மட்டும்தான் ஆகும். ஆனால் ஆலையைச் சுற்றி இருந்த ஈயும் நாற்றமும் போனது. குடியிருப்பவர்கள் இப்போது சண்டைக்கு வருவதில்லை. ஒரு சந்தேகம்: சிறிய இயந்திரமாவது வாங்கலாமா, எவ்வளவு எண்ணெய் கிடைக்கும் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

இழையைத் தொடங்கியவர்

உங்கள் கேள்விக்கு ஒற்றை எண் சொன்னால் அது பொய்யாகிவிடும். மத்தியின் கொழுப்பு பருவத்துக்குப் பருவம் மாறும். நன்றாகத் தின்று கொழுத்த மாதத்தில் கை வழுக்கும், முட்டையிட்டு முடித்த மாதத்தில் அதே மீனைப் பிழிந்தால் தண்ணீர்தான் வரும். நாங்கள் கொழுத்த மாதத்துக் கணக்கை வைத்துப் பெரிய பிரஸ் வாங்கி, பாதி வருடம் அதைச் சும்மா நிறுத்திவைத்தோம். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். வாரம் ஒரு வாளி தலையும் குடலும் தனித்தனியாக எடைபோட்டு, கொழுப்புச் சோதனைக்கு அனுப்பி, ஒரு வருடம் நோட்டில் எழுதுங்கள். மெலிந்த மாதங்களின் கணக்கையும் கையில் வைத்துக்கொண்டு இயந்திரக்காரரிடம் பேசுங்கள். நோட்டு நிறைந்ததும் இங்கே போடுங்கள், என்ன அளவு இயந்திரம் தாங்கும் என்று சேர்ந்து கணக்குப் பார்க்கலாம்.