ஆர்3-க்கு டிராக் செட்டப்: ஃபோர்க்கை ஏற்றுவதா, பின்பக்கத்தைச் சரிசெய்வதா?

அல்சூர்_ஆர்3:
பெங்களூரிலிருந்து சென்னை அருகே இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு டிராக் டே (சொந்த வண்டியை டிராக்கில் ஓட்டும் நாள்) போகிறவர்களிடம் ஒரு கேள்வி. வண்டி யமஹா ஆர்3, சஸ்பென்ஷன் கம்பெனியில் வந்தபடியே இருக்கிறது. லெதர் சூட், ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் சேர்த்து என் எடை 96 கிலோ.

வளைவுக்குள் நுழைவதில் தொந்தரவு இல்லை. த்ராட்டிலைத் திறந்த பிறகுதான் சிக்கல். வண்டி கோட்டில் நிற்காமல் வெளிப்பக்கம் அகன்றுகொண்டே போகிறது. ஒரு பட்டறையில், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களை, அவற்றைப் பிடித்திருக்கும் டிரிபிள் கிளாம்ப்பில் 10 மில்லிமீட்டர் மேலே தள்ளி, முன்பக்கத்தைத் தாழ்த்திக் கொடுத்தார்கள். இப்போது வண்டி சட்டென்று திரும்புகிறது. ஆனால் மெயின் ஸ்ட்ரெயிட்டில் ஹேண்டில் உதறுகிறது, வெளியே அகல்வதும் நிற்கவில்லை. இன்னும் 5 மில்லி ஏற்றிப் பார்க்கலாமா?

ஹெப்பால்_ரேஸ்லைன்:
ஏற்றலாம். ஆர்3-இன் ரேக் (ஸ்டீயரிங் அச்சு செங்குத்திலிருந்து சாயும் கோணம்) 25 டிகிரி, டிரெயில் (அந்த அச்சின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் முன் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) 95 மில்லி, வீல்பேஸ் (இரண்டு சக்கர மையங்களுக்கும் இடையே உள்ள தூரம்) 1380 மில்லி. எல்லாரும் தினமும் ஓட்டுவதற்காகக் கொஞ்சம் நிதானமாக வைத்த அமைப்பு அது. டிராக்கில் முன்பக்கம் இன்னும் கூர்மையாக இருக்க வேண்டும். வெளியே அகல்கிறது என்றால் முன்சக்கரத்துக்குப் பாரம் போதவில்லை என்று அர்த்தம். முன்பக்கத்தை இறக்கினால் பாரம் முன்னால் வரும். உதறலுக்கு ஒரு ஸ்டீயரிங் டேம்பர் போடுங்கள். இந்த வண்டியின் முன் ஃபோர்க்கில் திருக ஒரு அட்ஜஸ்டரும் கிடையாது, செலவில்லாமல் மாற்ற முடிவது ஃபோர்க் உயரம் ஒன்றுதான்.

ஜேசிரோடு_சஸ்பென்ஷன்:
தம்பி, தயவுசெய்து இன்னும் ஏற்றாதே. உதறுகிற வண்டியின் டிரெயிலை மேலும் குறைத்துவிட்டு அதை டேம்பரால் அடக்குவது ஆபத்து.

முதலில் எண்ணிக்கையைப் பார்ப்போம். 1380 மில்லி வீல்பேஸில் முன்பக்கம் 5 மில்லி இறங்கினால் ரேக் சுமார் 0.2 டிகிரி மாறும், டிரெயில் ஒரு மில்லிக்குச் சற்று மேல் குறையும். ஹெப்பால் சொல்கிற பாரமும் அப்படித்தான், அவ்வளவு சின்னக் கோணத்தில் முன்னால் நகர்வது அரை சதவீதம்கூட வராது. இதே வண்டி கடுமையாகப் பிரேக் பிடிக்கும்போது என்ன ஆகிறது? முன் ஃபோர்க் 60, 70 மில்லி உள்ளே போகிறது, பின்பக்கம் எழும்புகிறது. ரேக் 3 டிகிரிக்கு மேல் செங்குத்தாகி, டிரெயில் 95-இல் இருந்து 78 பக்கம் வந்துவிடும். த்ராட்டிலைத் திறந்தால் எல்லாம் தலைகீழ். பின்பக்கம் குந்துகிறது, முன்பக்கம் எழும்புகிறது, ரேக் சாய்கிறது, டிரெயில் கூடுகிறது, வண்டி அகல்கிறது. பிரவுச்சரில் இருக்கும் 25 டிகிரியை ஓடுகிற வண்டி ஒரு வளைவில் ஒரு கணம்தான் தொடும். மற்ற நேரமெல்லாம் அந்தக் கோணத்தைத் தீர்மானிப்பது ஸ்பிரிங்தான்.

உன் எடைக்குப் பின் ஸ்பிரிங் போதவில்லை என்பது என் சந்தேகம். பின்பக்கம் ஏற்கெனவே தாழ்ந்திருந்தால் ஸ்விங் ஆர்மின் (பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை) சரிவும் குறைந்துவிடும். செயினின் இழுவையும் சக்கரத்தின் உந்துதலும் பின்பக்கத்தைக் குந்தவிடாமல் தாங்குவது அந்தச் சரிவால்தான். அது போனால் த்ராட்டில் திறந்ததும் பின்பக்கம் உட்கார்ந்துவிடும், முன்சக்கரம் லேசாகும். அகல்வதும் உதறுவதும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்று நினைக்கிறேன். ஸாக், அதாவது எடையில் சஸ்பென்ஷன் எவ்வளவு இறங்குகிறது என்பதை, அளந்து சொல்.

ஹெப்பால்_ரேஸ்லைன்:
அண்ணா, கணக்கு சரி. ஆனால் 96 கிலோ ஆள் உட்கார்ந்தால் பின்பக்கம் மட்டுமா இறங்கும்? முன்பக்கமும் இறங்கியிருக்கும். இரண்டும் சேர்ந்து இறங்கினால் ரேக் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். அப்புறம், 5 மில்லி ஒன்றுமே இல்லை என்பது போல எழுதாதீர்கள். ரேஸ் டீம்கள் ஒரு மில்லி, இரண்டு மில்லி என்று மாற்றி நேரத்தைப் பிடிக்கிறார்கள். நான் 4 மில்லி மாற்றியதை முதல் வளைவிலேயே உணர்ந்திருக்கிறேன்.

ஜேசிரோடு_சஸ்பென்ஷன்:
ஒரு மில்லி தெரியும், மறுக்கவில்லை. ரேஸ் டீமின் வண்டியில் அந்த ஓட்டுநரின் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அடித்தளம் அசையாமல் நிற்பதால்தான் ஒரு மில்லி பேசுகிறது. பின்பக்கம் ஒவ்வொரு வளைவிலும் 20, 30 மில்லி கூடுதலாகக் குந்துகிற வண்டியில் அந்த ஒரு மில்லியின் குரல் கேட்காது.

முன்பக்கமும் இறங்கும் என்பது நிற்கிற வண்டிக்குச் சரி. நம் சிக்கல் த்ராட்டில் திறந்த பிறகு வருவது. அப்போது முன்பக்கம் எழும்பிவிடும், பின்பக்கம் மட்டும் மேலும் இறங்கும். ஈடுகட்ட முன்னால் எதுவும் மிஞ்சாது.

கிருஷ்ணகிரி_பைபாஸ்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், டயர் காற்றை யாரும் கேட்கவில்லையே. பெங்களூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய 13.2 பிஎஸ்ஐ, கடல் மட்டத்தில் 14.7. வீட்டில் 30 வைத்துக் கீழே போனால், வெப்பநிலை மாறாதிருந்தால் கேஜ் 28.5 காட்டும். ஆனால் காலையில் இங்கே 20 டிகிரி என்றால் அங்கே மதியம் 38. அந்தச் சூடு இரண்டு பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றிவிடும். இரண்டு செஷன் ஓடினால் இன்னும் ஏறும். அதனால் இங்கே வைத்த அளவை நம்பிச் செட்டப்பை எடைபோடக் கூடாது. டிராக்கில் செஷன் முடிந்து வந்ததும் சூடாக இருக்கும்போதே அளந்து சரிசெய்யுங்கள்.

இன்னொன்று. வெளியே அகல்வதில் பாதி, உடம்பு பின்னால் தொங்குவதால் வருவது. சீட்டின் பின்முனையில் உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடித்து இழுத்தால் எந்த ஸ்பிரிங்கும் உதவாது.

ஜேசிரோடு_சஸ்பென்ஷன்:
காற்று விஷயம் மிகச் சரி. உடம்பு விஷயமும் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் உதறலை அது மட்டும் விளக்காது. தம்பி, பட்டறை வேலை நடந்திருப்பதால் இதையும் பார். இரண்டு ஃபோர்க் குழாயும் ஒரே அளவு மேலே நிற்கின்றனவா என்று வெர்னியர் வைத்து அளந்துபார். முன்சக்கரத்தைத் தூக்கி ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார். 'டக்' என்று தட்டினால் ஸ்டீயரிங் பேரிங் தளர்ந்திருக்கிறது. அதை இறுக்காமல் மற்றதைப் பேசிப் பயனில்லை.

அல்சூர்_ஆர்3:
நண்பர் ஒருவரை வைத்து அளந்தேன். பேரிங் இறுக்கமாக இருக்கிறது, குழாய்கள் இரண்டும் சமம்.

பின்பக்கம்: சக்கரம் தொங்கும்போது இருக்கும் அளவிலிருந்து, வண்டி தன் எடையில் நிற்கும்போது 12 மில்லி இறங்குகிறது. முழு உடையோடு நான் ஏறினால் 46. பிரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அமைப்பு) மொத்தம் 7 படியில் கடைசிக்குத் திருகி மறுபடி அளந்தேன். வண்டி மட்டும் என்றால் 1, நான் ஏறினால் 35. முன்பக்கம் நான் ஏறினால் 44.

35 வந்துவிட்டதே, பிரீலோட் ஸ்பிரிங்கைக் கடினமாக்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? ஸ்பிரிங் மாற்றும் செலவை மிச்சப்படுத்தலாம் என்று ஆசை.

ஜேசிரோடு_சஸ்பென்ஷன்:
அருமையாக அளந்திருக்கிறாய். உன் எண்களே பதில் சொல்கின்றன. முதலில் 46-இல் 12 போனால் 34. பிரீலோட் ஏற்றிய பிறகு 35-இல் 1 போனால் அதே 34. அதாவது உன் எடைக்கு ஸ்பிரிங் அமுங்குவது அணுவும் மாறவில்லை. பிரீலோட் வண்டியின் உயரத்தை மாற்றுகிறது, ஸ்பிரிங்கின் கடினத்தை மாற்றாது. இந்த ஒன்றைப் புரியாமல் எத்தனையோ பேர் கடைசிப் படிவரை திருகிவிட்டு, வண்டி கல்லாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

வண்டி மட்டும் நிற்கும்போது 1 மில்லி என்பது நல்லதல்ல. பிரேக்கில் பின்பக்கம் லேசாகும்போது ஷாக் முழு நீளத்துக்குப் போய் முட்டும், சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும். டிராக்குக்கு நான் வைப்பது ஆளோடு 32, வண்டி மட்டும் 6, அந்தப் பக்கம். வித்தியாசம் 26. உனக்கு 34 வருகிறது. 34-ஐ 26-ஆல் வகுத்துப் பார், இப்போதிருப்பதைவிட ஏறக்குறைய 30 சதவீதம் கடினமான ஸ்பிரிங் வேண்டும்.

அதைப் போட்டால் பின்பக்கம் 14 மில்லி உயரும். ஃபோர்க் 10 மில்லி மேலேயே இருந்தால், இரண்டும் சேர்ந்து பட்டறைக்குப் போவதற்கு முன் இருந்ததைவிட ரேக் கிட்டத்தட்ட ஒரு டிகிரி செங்குத்தாகும். 1994-இல் வந்த டுகாட்டி 916-இல் ஸ்டீயரிங் கோணத்தை மாற்ற ஒரு வசதி இருந்தது. அது அனுமதித்த மொத்த மாற்றமே ஒரு டிகிரிதான். அவ்வளவு பெரிய மாற்றத்தை ஒரே நாளில் செய்தால் எது நல்லது செய்தது, எது கெடுத்தது என்றே தெரியாது. ஃபோர்க்கை முதலில் பழைய இடத்துக்கு இறக்கிவிடு.

ஹெப்பால்_ரேஸ்லைன்:
34-உம் 34-உம் வந்ததைப் பார்த்த பிறகு பின் ஸ்பிரிங் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நீங்கள் முன்பக்கத்தை விட்டுவிட்டீர்கள் அண்ணா. முன்னால் ஃபோர்க் மொத்தம் அமுங்கக்கூடிய 130 மில்லி ஓட்டத்தில் 44 ஆள் ஏறியதுமே போய்விட்டது. பின்னால் மட்டும் கடினமாக்கி உயர்த்தினால் பிரேக்கில் மூக்கு இன்னும் குத்தும். நீங்களே சொன்ன 78 மில்லி டிரெயில் அதற்கும் கீழே போகும். ஃபோர்க் அடியில் முட்டிய நிலையில் வளைவுக்குள் நுழைந்தால் முன்சக்கரம் சொல்லாமல் வழுக்கும். பின் ஸ்பிரிங்கை மட்டும் போட்டு ஒருவரை டிராக்குக்கு அனுப்ப எனக்கு மனம் வராது. முன் ஸ்பிரிங்கையும் சேர்த்தே வாங்க வேண்டும். பழைய உயரத்தில் ஒரு செஷன் ஓட்டி, உதறல் போய்விட்டால் 3 மில்லி ஏற்றிப் பாருங்கள். அந்த 3 மில்லியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஜேசிரோடு_சஸ்பென்ஷன்:
முன் ஸ்பிரிங் விஷயத்தில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன், 3 மில்லியில் இல்லை. அது அவனுடைய லேப்பைப் பார்த்த பிறகு பேச வேண்டியது.

தம்பி, இரண்டும் ஒரே மாதத்தில் முடியாவிட்டால் முன் ஸ்பிரிங்கை முதலில் வாங்கு. அது வரும்வரை ஃபோர்க் எண்ணெயின் மட்டத்தை 10 மில்லி உயர்த்து. உள்ளே காற்று நிற்கும் இடம் குறையும். அமுங்கலின் கடைசிப் பகுதியில் அந்தக் காற்றே ஸ்பிரிங் போலத் தாங்கும். பின் பிரீலோடைக் கடைசிப் படியிலிருந்து இரண்டு படி தளர்த்து. ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் ஒரு கேபிள் டை கட்டி, செஷன் முடிந்ததும் அது எங்கே நிற்கிறது என்று போட்டோ எடுத்துப் போடு. கடைசி 10 மில்லிக்குள் போயிருந்தால் ஹெப்பால் சொன்ன ஆபத்து உனக்கு இப்போதே இருக்கிறது.

அல்சூர்_ஆர்3:
ஃபோர்க்கை இன்று மாலையே பழைய உயரத்துக்கு இறக்குகிறேன், எண்ணெயும் மாற்றிவிடுகிறேன். முன் ஸ்பிரிங் 96 கிலோவுக்கு எந்த அளவு என்று இருவரும் சொல்லுங்கள், வெவ்வேறு எண் வந்தாலும் பரவாயில்லை.